பதினொரு பேரில் நம்மவர் யார்?

அன்பின் கலவான உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

இஷாவுக்குப் பிறகு தேத்தண்ணிக் கடை வாங்கில் இப்போது எந்தப் பேச்சு ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். கிரிக்கெட் இல்லை. தேர்தல் இல்லை. மாணிக்கக்கல் விலைகூட இல்லை. நம்முடைய தேசிய கால்பந்தாட்ட அணி. பயிற்றுவிப்பாளர் ஏன் பின்னால் ஐந்து பேரை நிறுத்துகிறார், ஏன் அந்தப் பொடியனை பென்ச்சில் வைக்கிறார், ஏன் அணி முழுக்க வெளிநாட்டுக்காரர். கடைக்காரர் விளக்கை அணைக்கும் வரைக்கும் இதுதான்.

ஒரு வகையில் எங்களுக்கு இது சந்தோசம். ஆசிரியர்களாகிய நாங்கள் பின்னேரங்களில் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிறவர்கள். நம் நாட்டுக் கால்பந்தைப் பற்றி ஊர் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அது கடையோடு நிற்காமல் எங்கள் பாடசாலை மைதானத்துக்கும் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் கதையைச் சரியாகப் பார்ப்போம்.

நாம் ஒரு காலத்தில் தெற்காசியாவை வென்ற அணி. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவை 1-0 என்று வென்றோம். அடுத்த வருடம் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்தது, கால்பந்து மறந்துபோனது. 2019 ஒக்டோபரில் தென் கொரியாவிடம் 8-0 என்று தோற்றபோது கடையில் ஒருவர் கோபப்படக்கூட இல்லை. அவ்வளவுதான் நமது எதிர்பார்ப்பு.

2021இல் கொஞ்சம் மாறியது. ஜூன் மாதம் லெபனானோடு 3-2 என்று தோற்றோம். ஆனால் அந்த இரண்டு கோல்களையும் போட்டவர் ஜேர்மனியில் பிறந்து அங்கேயே கால்பந்து கற்ற வசீம் ராசிக். நவம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நான்கு நாடுகள் விளையாடிய போட்டித்தொடர். மாலைதீவோடு நான்கு கோல்கள் பின்னால் இருந்து 4-4 என்று சமன் செய்தோம். நான்கையும் போட்டது ராசிக். பங்களாதேஷை 2-1 என்று வென்று இறுதிப் போட்டிக்குப் போனோம். நவம்பர் 19ஆம் திகதி சீஷெல்ஸோடு 3-3. கடைசியில் பெனல்ட்டி உதைகளில் தோற்றோம். அன்றைக்கு ஊரில் பலர் தொலைபேசியைக் கையில் வைத்தபடி நித்திரை கொள்ளவில்லை.

பிறகு மறுபடியும் பள்ளம். 2022 ஜூனில் உஸ்பெகிஸ்தானின் நமங்கானில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகள் மூன்றிலும் தோல்வி, நாம் போட்ட கோல் பூச்சியம். நாட்டில் பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்ற காலம் அது. 2023 ஜனவரியில் மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி ஃபீஃபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்த ஏழு மாதமும் நமக்குச் சர்வதேசப் போட்டியே இல்லை. பயிற்றுவிப்பாளர் யாரைத் தெரிவு செய்திருக்க வேண்டும் என்று வாதாடக்கூட வழியில்லாத ஏழு மாதம்.

2024 செப்டெம்பரில் கம்போடியாவுடன் கொழும்பில் 0-0, அங்கே போய் 2-2, பெனல்ட்டியில் வெற்றி. 2025 மார்ச்சில் பேங்கொக்கில் தாய்லாந்திடம் 1-0 என்றுதான் தோற்றோம். ஜூனில் கொழும்பில் சீன தாய்ப்பே அணியை 3-1 என்று வென்றோம். எட்டு கோல் வாங்கிய அணிக்கு இது சின்ன விசயம் இல்லை. இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த, நம் நாட்டு இரத்த உறவுள்ள விளையாட்டு வீரர்கள் பலர் அணிக்குள் வந்தது. டிரெஸ்டன் கழகத்தில் விளையாடிய கிளாடியோ கம்மர்க்னெக்ட், பிறிஸ்பேன் ரோர் கழகத்தில் நீண்ட காலம் விளையாடிய ஜாக் ஹிங்கர்ட், இங்கிலாந்தில் வளர்ந்த டிலன் டி சில்வா, சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் என்று பட்டியல் நீளம்.

இதிலிருந்துதான் கடையின் சண்டை தொடங்குகிறது. அதில் இரண்டு வழக்கு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது வழக்கு, ஆட்ட முறை. “பயந்து பயந்து விளையாடுறாங்க, எல்லாரும் கோலடியில நிக்கிறாங்க” என்று ஒரு நானா தினமும் சொல்வார். அவருக்கு ஒரு விசயத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறோம். 2022 டிசம்பர் 6ஆம் திகதி இரவு மொரோக்கோ ஸ்பெயினோடு விளையாடியதை இதே வாங்கில் இருந்துதான் பார்த்தோம். பந்து நான்கில் மூன்று பங்கு நேரம் ஸ்பெயினின் காலில். ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பந்தைக் கைமாற்றியது. மொரோக்கோ கோலடியில் சுவர் கட்டியது மாதிரி நின்றது. 120 நிமிடம் 0-0. பெனல்ட்டியில் ஸ்பெயினுக்கு ஒரு கோல்கூட இல்லை. அஷ்ரஃப் ஹக்கீமி கடைசிப் பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டபோது நானாதான் முதலில் எழும்பிக் கத்தினார். அன்றைக்கு அது பயமாகத் தெரியவில்லை, புத்தியாகத் தெரிந்தது.

மொரோக்கோ அந்த உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரைக்கும் வாங்கியது ஒரே ஒரு கோல். அதுவும் கனடாவோடு தம் வீரரின் காலில் பட்டுப் போனது. பலமான அணியோடு விளையாடும்போது இடைவெளியை அடைத்து நிற்பதும் ஒரு கலை. பேங்கொக்கில் தாய்லாந்திடம் 1-0, கொரியாவிடம் 8-0: இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தக் கலைதான். ஆனால் சீன தாய்ப்பே மாதிரி நமக்குச் சமமான அணி கொழும்புக்கு வரும்போதும் அப்படியே நின்றால் நானாவின் கேள்வி சரி. எந்த அணியோடு, எந்த மைதானத்தில் என்று பார்த்துத்தான் பேச வேண்டும். இந்த வாதம் நல்ல வாதம். எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும்.

இரண்டாவது வழக்குத்தான் எங்களை எழுத வைத்தது. “நம்மட பொடியனுகள் இங்க ஈக்கும்போது என்னத்துக்கு வெளியால இருந்து ஆக்கள்? அவனுக்கு சிங்களமும் தெரியா, தமிழும் தெரியா. அவன் நம்மவனா?”

இந்தக் கேள்விக்குள்ளே இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒன்று நியாயமானது, மற்றது ஆபத்தானது.

நியாயமான கேள்வி இது: கிண்ணியாவிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பேருவளையிலும் பந்தோடு வளரும் பிள்ளைக்கு வழி எங்கே? வெளிநாட்டில் ஆறு வயதிலேயே கழகப் பயிற்சிக்குப் போன ஒருவரோடு, வெறுங்காலோடு பதினைந்து வயது வரை விளையாடிய பிள்ளை எப்படிப் போட்டி போடும்? இதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டுப் பயனில்லை. இந்த மாற்றத்தின்போது அணியைப் பயிற்றுவித்த அப்துல்லாஹ் அல் முதைரி குவைத் நாட்டுக்காரர். 2021இல் நேபாளத்தை தெற்காசிய இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர். அவர் வேலை நாளைக்கு நடக்கும் போட்டிக்குப் பதினொரு பேரைப் பொறுக்குவது. பத்து வருடத்துக்கு முன்னால் விதைக்காத வயலில் அவர் எதை அறுப்பது?

மொரோக்கோவையே பாருங்கள். அவர்கள் இரண்டையும் செய்தார்கள். 26 பேரில் 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஹக்கீமி மட்ரிட்டில் பிறந்தவர். ஹக்கீம் ஸியெச்சும் சொஃபியான் அம்ராபத்தும் நெதர்லாந்தில். கோல்காப்பாளர் யாசின் பூனூ கனடாவில். பயிற்றுவிப்பாளர் வாலித் ரெக்ராகுய் பிறந்ததே பிரான்ஸில். ஆனால் போர்த்துக்கலுக்கு எதிராக வானத்தில் எழும்பித் தலையால் கோல் போட்ட யூசுஃப் அன்-நசைரி பெஸ் நகரத்துப் பிள்ளை. மொரோக்கோவிலேயே கட்டிய கால்பந்துப் பயிற்சி நிலையத்தில் வளர்ந்தவர். அந்த நிலையத்தை 2022க்குப் பத்து வருடத்துக்கும் மேல் முன்னாலேயே தொடங்கிவிட்டார்கள். வெளியில் பிறந்தவருக்குக் கதவைத் திறந்தார்கள், உள்ளே பிறந்தவருக்குப் படி கட்டினார்கள். நமக்கு இப்போது கதவு திறந்திருக்கிறது. படி இல்லை. கோபப்படுவதென்றால் அந்தப் படி இல்லாததற்குக் கோபப்படுவோம்.

ஆட்களைத் தெரிவு செய்வதில் ஒரு பயிற்றுவிப்பாளரின் பிடிவாதம் என்ன செய்யும் என்பதற்கும் அதே அணிதான் பாடம். ரெக்ராகுய்க்கு முன்னால் இருந்த வாஹித் ஹலில்ஹோஜிச் அந்த அணியை உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற வைத்தவர். ஆனால் ஸியெச்சோடு முரண்பட்டு அவரை ஒதுக்கினார். ஸியெச் இனி நாட்டுக்கு விளையாடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 2022 ஓகஸ்டில் பயிற்றுவிப்பாளரை மாற்றினார்கள். வந்தவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று ஸியெச்சைத் திரும்பக் கூப்பிட்டது. மூன்றே மாதத்தில் உலகக் கிண்ணம். அரையிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க நாடு, முதல் அரபு நாடு.

இப்போது அந்த ஆபத்தான கேள்விக்கு வருகிறோம். “அவன் நம்மவனா?”

அந்த டிசம்பரில் ஹக்கீமி எங்கே பிறந்தார் என்று நம் ஊரில் யாரும் கேட்கவில்லை. அவர் போட்டி முடிந்து உம்மாவிடம் ஓடிப்போய் முத்தம் வாங்கியதைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். 2021இல் வசீம் ராசிக் நான்கு கோல் போட்டபோதும் அவர் எங்கே பிறந்தவர் என்று யாரும் கேட்கவில்லை. “நம்மட பொடியன்” என்றுதான் பேச்சு. கம்மர்க்னெக்ட் என்றும் ஹிங்கர்ட் என்றும் பெயர்கள் வந்த பிறகுதான் பிறந்த சான்றிதழ் கேட்கத் தொடங்கியது ஊர். அப்படியானால் பிரச்சினை பிறந்த இடம் இல்லை. பெயர்தான்.

ஃபீஃபாவின் விதி எளிது. நாட்டின் குடியுரிமை இருக்க வேண்டும். பெற்றோரிலோ பாட்டன் பாட்டியிலோ ஒருவர் அந்த மண்ணில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்கு விளையாடலாம். அந்தப் பிள்ளைகள் பெரிய பணத்துக்காக இங்கே வரவில்லை. உலகத் தரவரிசையின் அடியில் கிடந்த அணிக்கு யாரும் பணத்துக்காக வருவதில்லை. உம்மாவின் நாடு, அப்பாவின் நாடு என்று வருகிறார்கள்.

நம் ஊரைச் சுற்றி இருக்கும் தோட்டங்களில் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன சனம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவனுக்குக் கச்சேரிப் பத்திரம் எங்கே கிடைக்கும்? ஏழு இலட்சம் பேரளவில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து உங்களுக்கு இத்தனை, எங்களுக்கு இத்தனை என்று அவர்களைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம், இங்கே மூன்று இலட்சம். மிச்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு முடிவுக்கு வந்தது. அதாவது, எங்கள் வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் சில பிள்ளைகளின் தாத்தாக்கள் இந்த மண்ணிலேயே பிறந்தும் “நம்மவர் இல்லை” என்று சொல்லப்பட்டவர்கள்.

நமக்கும் இது புதிதில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாம் யார் என்று எங்கெங்கே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது என்று யாருக்கும் மறந்திருக்காது. அந்த வருடம் ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிக்கு இங்கே வரப் பயந்து மக்காவு அணி வராமலே விட்டது. அந்த வருடம் நம் தேசிய அணியைப் பயிற்றுவித்தவர் நிசாம் பக்கீர் அலி. நாடு முழுக்க நம் பெயர்களைச் சந்தேகத்தோடு பார்த்த நேரத்தில், நாட்டின் கொடியோடு மைதானத்துக்கு அணியைக் கூட்டிப்போனவர் நம் பெயருள்ள ஒருவர். பெயரை வைத்து ஆளை அளந்தால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இனி எங்கள் மைதானம்.

எங்கள் பதினாறு வயதுக்குட்பட்ட அணியில் இந்த முறை பதினொரு பேரில் நான்கு பேர் தோட்டத்துப் பிள்ளைகள். மூன்று வாரம் மழைக்குள்ளும் சேற்றுக்குள்ளும் ஓடவிட்டுத்தான் தெரிவு செய்தோம். சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் இருக்கும் ஊருக்குக் காய்ந்த மைதானம் கிடைக்கிற நாள் குறைவு என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சேற்றில் பந்தை விடாமல் கொண்டுபோகிறவன் எவன், விழுந்தால் எழும்பி ஓடுகிறவன் எவன் என்று பார்த்தோம். வேறு அளவுகோல் வைக்கவில்லை.

தெரிவு முடிந்த பின்னேரம் ஒரு வாப்பா வந்தார். நல்ல மனிதர். பாடசாலைக்கு எத்தனையோ உதவி செய்தவர். “சேர், எங்கட ஸ்கூல் பேர்ல போற டீம். எங்கட பிள்ளைகள் பென்ச்சில, லயத்துப் பொடியனுகள் உள்ளுக்கா?” என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்துக் குழாயடியில் எங்கள் நடுக்கள ஆட்டக்காரன் கால் கழுவிக்கொண்டிருந்தான். தோட்டத்துப் பிள்ளை. தலையைத் தூக்கவில்லை. கழுவின காலையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

அந்த வாப்பாவுக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: “ஹாஜியார், நாளைக்கு நீங்களே வந்து பாருங்கொ. எங்கட பிள்ளை கூடச் செய்தா அவனை உள்ளுக்குப் போடுவம். பேர் பார்த்து மட்டும் போடமாட்டம்.” அவர் கோபப்படவில்லை. யோசித்துக்கொண்டே போனார். அடுத்த இரண்டு நாளும் அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். ஏன் வரவில்லை என்று கேட்டோம். வயிற்றுவலி என்றான். மேலே கேட்கவில்லை. பந்தைக் கொடுத்தோம்.

உறவுகளே, கடை வாங்கில் தேசிய அணியைப் பற்றிக் கேட்கும் கேள்வியும் அந்தக் குழாயடியில் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். பெரியவர்கள் வாங்கில் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு கம்மர்க்னெக்ட்டைத் தெரியாது. பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளையைத் தெரியும். அந்தக் கேள்வியை அவனிடம்தான் கொண்டுபோவார்கள்.

பயிற்றுவிப்பாளரைத் திட்டுங்கள். ஐந்து பேரைப் பின்னால் வைத்ததற்குத் திட்டுங்கள். சரியான நேரத்தில் ஆள் மாற்றாததற்குத் திட்டுங்கள். அது ரசிகனின் உரிமை. நாங்களும் சேர்ந்து திட்டுவோம். ஒருவன் விளையாடும் விதத்தை அளந்து பேசுங்கள். அவன் பெயரையும் அவன் உம்மா எந்த ஊர் என்பதையும் அளக்க வேண்டாம்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விசயம் உண்டு. ஒரு பிள்ளைக்குப் புள்ளி போடுமுன் அந்தப் பிள்ளைக்கு வாய்ப்புக் கொடுத்தோமா என்று பாருங்கள் என்பது அது. மைதானத்துக்கும் அது பொருந்தும். தேசிய அணிக்குப் படி கட்டுவது கொழும்பின் வேலை என்று விட்டுவிட வேண்டாம். முதல் படி கலவானையில்தான் இருக்கிறது. அது பெரிய செலவும் இல்லை.

எங்கள் பயிற்சி பின்னேரம் இரண்டரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிகிறது. தோட்டத்துப் பக்கம் போகும் பஸ் நாலு மணிக்கு. அதனால் அந்த நான்கு பிள்ளைகளும் பயிற்சி சூடு பிடிக்கும் நேரத்தில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைசி அரை மணி நேரத்தில்தான் நாங்கள் அணியாக விளையாடப் பழக்குவது. அந்த நேரத்தில் நடுக்களமே இல்லை.

செவ்வாயும் வியாழனும், வாரத்துக்கு இரண்டு நாள். திரிவீல் வைத்திருக்கும் சகோதரர்கள் முறை வைத்து ஒரு ஆள் வந்தால் போதும். நான்கு பிள்ளைகள் ஒரு திரிவீலில் கொஞ்சம் நெருக்கம்தான், ஆனால் ஒருவன் மெலிந்தவன். பெற்றோல் காசைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேசிக்கொள்ளலாம். சப்பாத்து சின்னதாகிப் போன பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அந்தச் சப்பாத்தையும் கழுவிக் கொண்டுவந்து தாருங்கள். ஆறாம், ஏழாம் அளவுதான் இப்போது அவசரம்.

முதல் பெயர் வந்துவிட்டது. குழாயடியில் கேள்வி கேட்ட அந்த வாப்பா நேற்று அழைத்து, வியாழக்கிழமை தன்னுடைய வேனை அனுப்புவதாகச் சொன்னார். செவ்வாய்க்கு இன்னும் ஆள் இல்லை.